நாலு மணிக்குக் கூப்பிடுதான்

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே தாளிக்கிற கடுகு இங்கே வெடிக்கும். இந்தப் பக்கம் நான் ஜெபம் முடித்து ஆமென் சொன்னால், சில நாள் அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் ஆமென் வரும். அது கேலியா, மெய்யா என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டி, ஆறு வீடுகள் வரிசையாக இருக்கிற காம்பவுண்டு எங்களுடையது. கடைசி வீடு அவர் வீடு, அதற்கு முந்தினது எங்கள் வீடு. பதினொரு வருஷம் அப்படி இருந்தோம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். காம்பவுண்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் அவர் ஆபீஸ் அக்கா.

கப்பல் ஏஜென்டு கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது, எந்த பெர்த்தில் கட்டுகிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று தேசம் தேசமாகச் செய்தி அனுப்புவது அவர் வேலை. பெர்த் என்றால் கப்பல் வந்து கட்டுகிற இடம். இதைக்கூட அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வேலை அவர் நாக்கிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு நடக்க வேண்டியதை அவர் நடக்கும் என்று சொல்லமாட்டார். நடக்குது என்பார். இங்கிலீஷ் பேசினாலும் அப்படித்தான். பழைய ஆபீஸிலிருந்து ஏதாவது சந்தேகம் கேட்டுப் போன் வந்தால், "வெசல் செய்ல்ஸ் டுமாரோ" என்று அவர் சொல்வது சுவர் வழியாகக் கேட்கும். நாளைக் காலையில் போக வேண்டிய கப்பல் அந்த நிமிஷமே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டதுபோல இருக்கும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. ஆபீஸ் அக்காவுக்குத் தெரியும். "வியாழக்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்குத் தண்ணி வருது" என்று புதன்கிழமை சொல்லிவிட்டுப் போவார். ஆறு வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கும். வந்தால் சரி. வராவிட்டால் குழாயை ஒரு தடவை பார்ப்பார், கையைத் திருப்பி மணி பார்ப்பார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டியிருப்பார். பார்க்கும்போது உள்ளங்கையில் எழுதி வைத்ததை வாசிப்பதுபோலத் தோன்றும். "தண்ணி லேட்டு" என்பார். வரவில்லை என்ற சொல் அவர் வாயில் வராது.

அவர் கணவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். போட் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர், ஊமை என்று சொல்லத்தக்க அமைதி. காலையில் காப்பி டம்ளரோடு அவருடைய அன்றைய நாளையும் அக்கா வாசித்துக் கொடுத்துவிடுவார். "பத்து மணிக்கு நீங்க குளிக்கிறீய. பத்தரைக்கு மீன் வாங்கப் போறீய. பதினொண்ணே காலுக்குச் சாளை வருது." பத்து மணிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்கும். பதினொன்றே காலுக்குச் சாளை மணக்கும். ஒருநாள் என் வீட்டுக்காரர் அவரிடம், "எப்படி அண்ணாச்சி, கோவமே வராதா?" என்று கேட்டுவிட்டார். "அம்மாம் பெரிய கப்பலே அவ சொன்ன நேரத்துக்குப் போகுது தம்பி, நான் எம்மாத்திரம்?" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற கிளார்க்கு. ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று போனவர் ஆறு மணிக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உள்ளதைச் சொல்லுகிறேன், அன்றைக்குத்தான் அந்த அம்மாள்மேல் எனக்கு முதல் பொறாமை வந்தது.

நான் நாசரேத் பக்கம் பிறந்தவள். பத்தாவது வரை படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, எங்களைப் போன்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் பலரிடமும் இருக்கிற வழக்கம்தான். நாளைக்கு என்று எதைச் சொன்னாலும் முன்னால் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று சேர்த்துத்தான் சொல்லுவோம். கல்யாண அழைப்பிதழில் அது இருக்கும், கடிதத்தில் இருக்கும். அப்பா ஏரல் சந்தைக்குப் போவதென்றாலும் அது இல்லாமல் சொல்லமாட்டார். சின்ன வயசில் ஒருநாள் நான் அதை விட்டுவிட்டு, நாளைக்கு நாங்கள் உடன்குடி போகிறோம் என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்துவிட்டேன். மறுநாள் பஸ் பாதி வழியில் நின்றுபோயிற்று. தேரி என்கிற செம்மணல் மேட்டில், பனைமரத்து நிழலில் நின்றுகொண்டு அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் வேண்டும். ஒருநாள் குழாயடியில், கர்த்தருக்குச் சித்தமானால் நாளைக்கு மீன்குழம்பு என்று நான் சொன்னது ஆபீஸ் அக்கா காதில் விழுந்தது.

"மீன்குழம்புக்கும் அவரு கையெழுத்துப் போடணுமாளா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு நடக்கிறது நம்ம கையிலயா இருக்கு, அக்கா?" என்றேன்.

"இல்லதான். அதுக்குத்தான் காலைப் பூசையில எல்லாத்தையும் அவருகிட்டச் சொல்லிட்டு வந்துருதேன். பெறவு வரிக்கு வரி கேட்டு அவரத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

அவர் கடற்கரைக் கத்தோலிக்கர். தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர். அவர்கள் முறை அவர்களுக்கு, எங்கள் முறை எங்களுக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது, இந்தப் பதில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் என் மகளைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்து ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டாள். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். படத்தில் விழாமல் நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன்.

மருந்து பற்றி, காயம் பற்றி எல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில் அந்த வெள்ளைக்கார அம்மாள், மார்ச் மாதம் போகிற குழுவில் நீ சேருகிறாயா என்று கேட்டாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்தேன். அவள் அப்படியே சொன்னாள். "இஃப் த லார்ட் வில்ஸ், மேடம்." அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. உறுதியாகச் சொல், சேருகிறாயா என்றாள். நான் தலையை ஆட்டினேன். மகள் மறுபடியும் அதையே சொன்னாள். உனக்கு வருவதற்கு ஏதாவது தடை இருக்கிறதா என்று மூன்றாம் தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள். அந்த வெள்ளைக்கார அம்மாள் புன்னகையோடு எதையோ எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்டு போன் செய்தார். உங்கள் மகளுக்கு வர மனசில்லைபோல என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள், அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

என் மகள் அழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் டியூட்டி முடிந்து வந்தவள் எங்கள் வாசலைத் தாண்டிக் கடைசி வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே இங்கிலீஷ் பாடம். நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். அக்காவுக்குப் பாடப் புத்தகம் என்று எதுவும் இல்லை, அண்ணாச்சிதான் புத்தகம். "அங்கிள் டேக்ஸ் ஹிஸ் பாத் அட் டென் டுமாரோ" என்று அக்கா சொல்லிக்கொடுப்பார். என் மகள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஐயோ, நாளைக்கும் குளிக்கணுமா என்று அண்ணாச்சியின் குரல் கேட்கும். ஊமைபோல இருந்தவர் அவளிடம் வாய்விட்டுப் பேசினார். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்கா தன் அப்பாவைப்பற்றி அவளிடம் சொன்னதும் கேட்டது. அவர் அப்பா தோணித் தண்டல், அதாவது தோணிக்கு அவர்தான் தலைவர். மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போவாராம். "தோணிக்கு ஏதுளா டைம்? காத்து விட்டா வரும், சரக்கு கிடைச்சா வரும். அப்பா எப்ப வாராருன்னு கேட்டா எங்கம்மா வருவாரு வருவாருன்னே சொல்லுவா. நாங்க கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். ஆபீஸ்ல சேந்த அன்னைக்கு ஒரு காகிதத்தக் கையில குடுத்தாங்க. கப்பல் பேரு, பக்கத்துல அது வார தேதி, மணி. இப்படி ஒண்ணு உலகத்துல இருக்கான்னு அழுதுட்டேன்."

அதற்குள் ஒன்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டேன். கருப்பட்டி கொடுத்திருக்கிறேன், கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்திருக்கிறேன், அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கதையை என்னிடம் சொன்னதில்லை. இரவு சாப்பிடும்போது என் மகளும் அதை என்னிடம் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, வெள்ளிக்கிழமை எனக்கு நைட் டியூட்டி, சனிக்கிழமை எட்டு மணிக்கு வாரேன் என்றாள். நான் என் இரண்டு சொல்லைச் சேர்ப்பதற்கு வாயைத் திறந்தேன். "தெரியும்மா" என்றாள். அவள் கடிகாரமும் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நர்ஸ்மார் அப்படிக் கட்டுவதுண்டு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் நம்பவில்லை.

ஆபீஸ் அக்காவுக்கு ஒரு மகன். வடக்கே பெரிய ஊர் ஒன்றில் வேலை. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மகன் கூப்பிடுதான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டுக்கொள்வார். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த துண்டை மடியில் விரித்து அதன்மேல் போனை வைத்துக்கொள்வார். முன்பெல்லாம் நாலு மணிக்கு அந்தப் போன் அடிக்கும். கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம் வைத்திருந்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்தது. பிறகு மாதங்களாக அடிக்கவில்லை. அவர் உட்காருவதை நிறுத்தவில்லை. காம்பவுண்டில் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேசமாட்டோம். நான் மட்டும் அதை மனசின் ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பேட்டி. சனிக்கிழமை இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது என் மகள் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பாராமல் சொன்னாள், "அம்மா, இந்தத் தடவ நான் அக்கா வீட்டுல வச்சுப் பேசுதேன்."

அந்த ராத்திரியும் மறுநாள் காலை ஆராதனையும் எனக்கு அந்த நினைப்பிலேயே போயிற்று. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன், வாய் அசையவில்லை. மத்தியானம் மகள் டியூட்டி அலுப்பில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி நாலே காலுக்கு நான் எழுந்து கடைசி வீட்டுக்குப் போனேன்.

துண்டு மடியில் இருந்தது, போன் துண்டின்மேல் இருந்தது. அண்ணாச்சி தேய்த்த சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, நாலு மணிக்கு மகன் கூப்பிடுதான்னு சொல்லுவீய. மணி நாலே கால் ஆவுது. கூப்பிட்டானா?"

அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார். "இல்ல."

"போன வாரம்?"

"இல்ல."

"அதுக்கு முந்தின வாரம்?"

அண்ணாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் நிறுத்தியிருக்கலாம். "பெத்த புள்ள ஒரு வார்த்த பேச நேரமில்லாம இருக்கான். ஊரான் புள்ளைக்கு நீங்க நேரம் சொல்லிக் குடுக்கீய" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். போனைத் துண்டின்மேல் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவன் கூப்பிடுதான். ரயில் ஏறும்போது அவன் எங்கிட்டச் சொன்ன டைம் அது. கப்பல் லேட்டாவும் ஏளா. ஒரு நாள் லேட்டாவும், பத்து நாள் லேட்டாவும். அதுக்காக வரலன்னு எழுதிட்டா, பெர்த்தைத் தூக்கி வேற கப்பலுக்குக் குடுத்துருவான். பெறவு அது நெசமாவே வந்து நின்னா எங்க கட்டும்? நான் எழுதமாட்டேன்." பிறகு, "நீ வந்த காரியத்தச் சொல்லு" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பொறுமையைப்பற்றி என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை என் மகள் வெளிர்நீலச் சுடிதார் உடுத்திக்கொண்டு அங்கே போனாள். நான் இந்தப் பக்கம் சுவரோடு முழங்கால் போட்டேன். பேட்டி முக்கால் மணி நேரம். கடைசியில் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும், மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மை டியூட்டி ஹியர் எண்ட்ஸ் ஆன் த தேர்ட்டியத். ஐ ஃப்ளை ஆன் த தேர்ட். ஐ ஜாயின் ஆன் த ஃபிஃப்த்."

முப்பதாம் தேதி இங்கே வேலை முடிகிறது, மூன்றாம் தேதி விமானம் ஏறுகிறேன், ஐந்தாம் தேதி சேருகிறேன் என்கிறாள். விசா இல்லை, டிக்கெட் இல்லை, இங்கே வேலையை விடுவதாக எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல, விட்டுப்போன சொற்களை நான் இந்தப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் சேர்த்துச் சேர்த்துச் சொன்னேன். கர்த்தருக்குச் சித்தமானால் முப்பது. கர்த்தருக்குச் சித்தமானால் மூன்று. கர்த்தருக்குச் சித்தமானால் ஐந்து. மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பலமாகவே சொல்லியிருக்கிறேன்போல. பேட்டி முடிந்து அங்கே சத்தம் அடங்கியதும், சுவரின் அந்தப் பக்கம் எனக்கு மிக அருகில், ஆபீஸ் அக்காவின் குரல் கேட்டது.

"ஆமென்."

அது கேலி இல்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். கடைசி வீட்டு வாசலில் என் மகள் அவரைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவள் கையைப் பிரித்து, "போளா, ஓங்கம்மாட்டப் போய்ச் சொல்லு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் தள்ளிவிட்ட பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள். எனக்கு அது மறக்கவில்லை.

வேலை கிடைத்தது. ஆனால் மூன்றாம் தேதி அவள் விமானம் ஏறவில்லை. விசா வரவில்லை. என் சொந்த மகள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கலங்கிப்போயிருக்கிறாள். எனக்குள்ளே ஒரு துளி சந்தோஷம் இருந்தது. இதை ஆண்டவரிடம் அறிக்கையிட்டிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன். பார்த்தீர்களா என்பதுபோல நான் ஆபீஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார். "பெர்த் அங்கனயேதான் இருக்கு" என்றார். பத்தொன்பதாம் தேதி என் மகள் போனாள்.

போன முதல் வாரமே, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு என்று அவளிடம் சொன்னேன். ஐந்து மணிக்கு எனக்குப் பெண்கள் ஐக்கியக் கூட்டம். "நாலு மணிக்கு வேற ஒரு வேலை இருக்கும்மா, அஞ்சு மணிக்குக் கூப்பிடுதேன்" என்றாள். ஆஸ்பத்திரி வேலை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்துக்குப் பிந்திப் போக ஆரம்பித்தேன். மற்றப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

அதே சமயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் சங்கு ஊத ஆரம்பித்தது. மகன் கூப்பிட ஆரம்பித்துவிட்டானே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் சொல்லிய சொல்லின் பாரம் கொஞ்சம் இறங்கியது. அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அண்ணாச்சிகூடப் பேசுவார். ஒரு மணி நேரம் கழித்து என் போன் அடிக்கும்.

ஏழெட்டு மாசம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை குழாயடியில் அக்கா என்னிடம், "பனியில வழுக்கி விழுந்தாளே, இப்ப முட்டி எப்படி இருக்காம்?" என்றார்.

என் மகள் பனியில் வழுக்கி விழுந்தது எனக்குத் தெரியாது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "நீ பயந்துருவேன்னு சொல்லாம இருந்திருப்பா" என்றார். நாலு மணிக்குக் கூப்பிடுவது மகன் இல்லை, என் மகள். நான் கேட்டு எனக்குக் கிடைக்காத நாலு மணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவள் கூப்பிட்டதும் சண்டை பிடித்தேன். பெற்ற தாய்க்கு ஐந்து மணி, பக்கத்து வீட்டுக்காரிக்கு நாலு மணியா என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். நான் ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க அங்க போய்ப் பேசுனீங்கல்லா, நான் தூங்கலம்மா. எல்லாம் சுவரு வழியாக் கேட்டுச்சு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவளே மறுபடியும் பேசினாள். "நீங்க அவுககிட்ட அப்படிச் சொன்னதுக்குத்தான் நான் நாலு மணிக்குக் கூப்பிடுதேன்." முட்டி ஆறிவிட்டது என்றாள், சாப்பிட்டீர்களா என்றாள், வைத்துவிட்டாள். அன்று கூட்டத்துக்கு நான் போகவில்லை.

மறுநாள் கருப்பட்டி எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்று வாயெடுக்கும்முன் அக்கா, "காப்பி கொதிக்குது, உக்காரு" என்றார். எனக்கு எதையாவது பேசவேண்டியிருந்தது. நாலு மணிக்கு மகன் கூப்பிட்டு, அந்த நேரம் என் மகள் பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலும் கொஞ்சம் விஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"பழைய ஹார்பர்ல தோணியெல்லாம் எப்படிக் கட்டிக் கிடக்குன்னு பாத்ததில்லையா? ஒண்ண ஒட்டி ஒண்ணு கட்டிக்கிடும்" என்றார்.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் சுவர்ப்பக்கம் போய் உட்காருவேன். சங்கு ஊத இரண்டு நிமிஷம் பிந்தினால் எனக்கு வேர்க்கும். என் மகள் என்னை விட்டுவிட்டு இன்னொருத்திக்குப் போன் செய்வதற்காக நான் ஜெபம் செய்தேன். ஊதியதும் ஸ்தோத்திரம் சொல்லுவேன். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெந்துகொண்டிருப்பேன். இரண்டும் உண்மை.

கடைசியில் அந்த மகன் வந்தான். போன் இல்லை, ஆளே வந்தான், ஒரு புதன்கிழமை. பெற்றோரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வந்திருந்தான். அக்கா அவன் தலையைத் தடவிவிட்டு, எங்களைப் பார்த்து, "கொஞ்சம் லேட்டு" என்றார். காம்பவுண்டே சிரித்தது, சிலர் அழுதார்கள். போகும் அன்றைக்கு, "ஏழு பத்துக்கு நாங்க போறோம்" என்றார். ஏழு பத்துக்குக் கார் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாக அண்ணாச்சி கை காட்டினார். அக்கா மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அந்த ஊரிலேயே அக்கா காலமானார். மகன் கூப்பிட்டுச் சொன்னான். கடைசி ஞாயிற்றுக்கிழமைவரை என் மகள் நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத் தெரியும், நான் ஐந்து மணிக்காரி.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து என் மகள், "அம்மா, இனிமே நாலு மணிக்கே கூப்பிடட்டுமா? நீங்க கூட்டத்துக்குப் போகலாம்லா" என்றாள்.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம்ளா. அஞ்சுக்கே கூப்பிடு. நாலு மணி அவுக பெர்த்து, அது அப்படியே கிடக்கட்டும்" என்றேன்.

"சரிம்மா" என்றாள் உடனே. எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவள்போல, அவ்வளவு சீக்கிரம். ஒரு தடவையாவது மறுபடியும் கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் லீவுக்கு வருகிறாள். வியாழக்கிழமை குழாயடியில், "இருபதாம் தேதி காலைல ஒம்பதரைக்கு என் மக வாரா" என்று சொன்னேன். குடங்களோடு நின்ற பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். என்னிடமிருந்து இன்னும் இரண்டு சொல் வரவேண்டியிருந்தது.

"காலைலயே அவருகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. அந்தப் பதில் என்னுடையதா? அதிலும் அந்த அம்மாள்தான் எனக்கு முந்திக்கொண்டவர்.